ஃபார்முலா தரும் அளவு பூஜ்ஜியமானால் வரிசை தானாக மறைய வேண்டும்: மெனுவை மாற்றினால் மேக்ரோ இயங்கவில்லை

இலைக்கணக்கு:

அனைவருக்கும் வணக்கம். திருமணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் குடும்பம் எங்களுடையது. சாமான் பட்டியல் போடும் பொறுப்பு என்னுடையது என்பதால் அதை எக்ஸெலில் அமைத்திருக்கிறேன். பயன்படுத்துவது விண்டோஸ் 10, எக்ஸெல் 2016.

கோப்பில் உள்ள "மெனு" என்ற தாளில், ஒவ்வோர் உணவு வகைக்கும் எதிரே ஆம் அல்லது இல்லை என்று தேர்ந்தெடுக்கும் கீழிறங்கு பட்டியலும், பி2 செல்லில் இலை எண்ணிக்கையும் இருக்கின்றன. "சாமான்" என்ற தாளில் 5ஆம் வரிசை முதல் 420ஆம் வரிசை வரை பொருள்கள் உள்ளன. ஏ நெடுவரிசையில் பொருளின் பெயர், பி-யில் அலகு, சி-யில் அதை வாங்குபவர் வீட்டாரா நாங்களா என்ற குறிப்பு, டி-யில் தேவைப்படும் அளவு, இ-யில் விலை, எஃப்-இல் தொகை. டி முழுவதும் ஃபார்முலாதான். துவரம் பருப்பை எடுத்துக்கொண்டால், சாம்பார், ரசம், பருப்பு உசிலி ஆகியவற்றில் எவையெவை ஆம் என்று இருக்கின்றனவோ அவற்றுக்கான அளவுகளைக் கூட்டி, இலை எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்கி, கிலோவில் தரும்.

ஒரு விசேஷத்துக்கு இவற்றில் பாதிப் பொருள்கள்கூடத் தேவைப்படுவதில்லை. மளிகைக் கடைக்கு அச்சிட்டுக் கொடுக்கும்போது பூஜ்ஜியம் உள்ள வரிசைகள் மறைந்திருக்க வேண்டும். வீட்டார் மெனுவை மாற்றினால் புதிதாகத் தேவைப்படுபவை தாமாகவே திரும்பி வர வேண்டும். இதற்காகச் "சாமான்" தாளின் சேஞ்ச் நிகழ்வில் ஒரு மேக்ரோ (எக்ஸெல் தானாகச் செய்ய வேண்டியதைச் சொல்லும் சிறு நிரல்) எழுதியுள்ளேன். அது டி5 முதல் டி420 வரை ஒவ்வொரு செல்லாகப் பார்த்து, மதிப்பு பூஜ்ஜியமாக இருந்தால் அந்த வரிசையின் ஹிடன் பண்பை ட்ரூ ஆக்குகிறது, அதாவது வரிசையை மறைக்கிறது.

டி நெடுவரிசையில் நானே 0 என்று தட்டினால் இது சரியாக இயங்குகிறது. ஆனால் "மெனு" தாளில் பாயசத்துக்கு எதிரே இல்லை என்று மாற்றினால் சேமியாவும் ஜவ்வரிசியும் பூஜ்ஜியமாகின்றனவே தவிர, வரிசைகள் அப்படியே நிற்கின்றன. மேலும், ஒருமுறை மறைந்த வரிசை மறுபடி வருவதில்லை. மளிகை, காய்கறி, பால் பொருள்கள் என்ற துணைத் தலைப்புகளும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. திரை பல விநாடிகள் துடித்துக்கொண்டே இருக்கிறது. எங்கே திருத்த வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


நிரலன்:

வணக்கம். நீங்கள் சொல்லும் நான்கு சிக்கல்களுக்கும் காரணங்கள் தனித்தனியானவை. முதலாவதைத் தீர்த்தால்தான் மற்றவற்றைச் சோதித்தே பார்க்க முடியும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

சேஞ்ச் நிகழ்வு என்பது, ஒருவர் செல்லில் தட்டும்போதும், ஒட்டும்போதும், அழிக்கும்போதும், வேறொரு மேக்ரோ அதில் எழுதும்போதும் மட்டுமே எழும். ஃபார்முலா மறுகணக்கிடப்பட்டு அதன் விடை மாறுவதை எக்ஸெல் அந்தச் செல்லில் நிகழ்ந்த மாற்றமாகக் கொள்வதில்லை, ஏனெனில் செல்லில் எழுதப்பட்டிருக்கும் ஃபார்முலா மாறவில்லை, அதன் விடைதான் மாறியிருக்கிறது. பாயசத்துக்கு எதிரே நீங்கள் இல்லை என்று தேர்ந்தெடுத்தபோது சேஞ்ச் நிகழ்வு எழுந்தது உண்மை. ஆனால் அது "மெனு" தாளுக்கு எழுந்தது. உங்கள் மேக்ரோ "சாமான்" தாளின் வாசலில் காத்திருக்கிறது.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. நிகழ்வை "மெனு" தாளுக்கு மாற்றி, இன்டர்செக்ட் மூலம் மாறிய செல் இலை எண்ணிக்கையா அல்லது ஆம், இல்லை உள்ள பகுதியா என்று பார்த்து, ஆமெனில் "சாமான்" தாளின் வரிசைகளை மறைப்பது முதல் வழி. "சாமான்" தாளின் கால்குலேட் நிகழ்வில் எழுதுவது இரண்டாவது. இணையத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவதையே பரிந்துரைப்பார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன். கால்குலேட் நிகழ்வு எந்தச் செல் மாறியது என்பதைச் சொல்லாது. அந்தத் தாள் மறுகணக்கிடப்படும் ஒவ்வொரு முறையும் எழும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரிசையை மறைப்பதும் வெளிக்காட்டுவதும்கூட எக்ஸெலில் மறுகணக்கைத் தூண்டும் செயல்கள். நெடுவரிசையை மறைத்தால் இப்படி ஆவதில்லை, வரிசைக்கு மட்டும்தான் இந்த நடத்தை. ஆகவே கால்குலேட் நிகழ்வுக்குள் வரிசையை மறைத்தால் அது மறுகணக்கைத் தூண்டி, மறுகணக்கு அதே நிகழ்வை மறுபடி எழுப்பி, வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். அப்ளிகேஷன் பொருளின் எனேபிள்ஈவன்ட்ஸ் பண்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு மறைத்தால் சுற்றாது என்றாலும், இடையில் ஏதேனும் பிழை வந்து மேக்ரோ நின்றுவிட்டால் அந்தப் பண்பு ஃபால்ஸ் ஆகவே தங்கிவிடும். அதன்பின் எக்ஸெலை மூடித் திறக்கும் வரை எந்த நிகழ்வு மேக்ரோவும் இயங்காது. அப்படி நேர்ந்தால், மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் கன்ட்ரோல் ஜி அழுத்தி இம்மீடியட் சாளரத்தைத் திறந்து, அந்தப் பண்புக்கு மறுபடி ட்ரூ கொடுத்து என்டர் அழுத்தினால் போதும்.

மூன்றாவது வழி ஆக்டிவேட் நிகழ்வு. "மெனு" தாளிலிருந்து "சாமான்" தாளுக்குப் போகும் தருணத்தில் இது எழும். உங்கள் வேலையின் போக்கைப் பார்த்தால் இதுவே போதும் என்று நினைக்கிறேன். மெனுவில் பத்து மாற்றங்கள் செய்தாலும், சாமான் பட்டியலைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒருமுறை மறைத்தால் சரியாகிவிடுமே. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. கோப்பில் மாற்றம் செய்யும் மேக்ரோ ஓடியதும் எக்ஸெல் தனது அன்டூ பட்டியலை அழித்துவிடும். முதல் வழியில் சென்றால், மெனுவில் தவறாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு கன்ட்ரோல் இசட் அழுத்தும்போது எதுவும் நடக்காது. ஆக்டிவேட் என்றால் மெனு தாளில் இருக்கும் வரை அன்டூ இயங்கும்.

ஒரு குறை இருக்கிறது. கோப்பைச் சேமித்தபோது "சாமான்" தாளே முன்னால் இருந்திருந்தால், திறக்கும்போது அந்தத் தாளின் ஆக்டிவேட் எழாது. அத்துடன், மெனு தாளில் இருந்தபடியே முழுக் கோப்பையும் அச்சிட்டாலும் எழாது. ஆகவே மறைக்கும் வேலையை ஒரு பொது மாட்யூலில் (எந்தத் தாளுக்கும் உரியதல்லாத நிரல் பக்கத்தில்) தனி மேக்ரோவாக எழுதிவிட்டு, "சாமான்" தாளின் ஆக்டிவேட், ஒர்க்புக்கின் ஓபன், பிஃபோர்பிரின்ட் ஆகிய மூன்று நிகழ்வுகளிலிருந்தும் அதை அழையுங்கள்.

மறைந்த வரிசை திரும்பி வராததற்குக் காரணம், உங்கள் மேக்ரோவில் ட்ரூ இருக்கிறது, ஃபால்ஸ் எங்கும் இல்லை. இஃப் எழுதி உள்ளே ட்ரூ கொடுப்பதற்குப் பதிலாக, ஹிடன் பண்புக்கு நிபந்தனையின் விடையையே நேராகக் கொடுத்தால், பூஜ்ஜியம் என்றால் மறையும், இல்லையென்றால் வெளிப்படும்.

திரை துடிப்பதற்கு 416 வரிசைகள் ஒரு பொருட்டே அல்ல. ஒவ்வொரு வரிசையாக மறைப்பதுதான் காரணம். ஒவ்வொரு முறையும் மறுகணக்கு, திரை வரைதல் என்று இரண்டும் நடக்கின்றன. ஒருமுறையேனும் அச்சு முன்னோட்டம் பார்த்துவிட்டால் பக்கப் பிரிப்புக் கோடுகளும் தாளில் தோன்றிவிடும், பிறகு ஒவ்வொரு வரிசை மறையும்போதும் எக்ஸெல் பக்கங்களை மறுபடி பிரித்துப் பார்க்கும். ஆகவே தாளின் டிஸ்ப்ளேபேஜ்பிரேக்ஸ் பண்பையும் அப்ளிகேஷனின் ஸ்கிரீன்அப்டேட்டிங் பண்பையும் தொடக்கத்தில் ஃபால்ஸ் ஆக்குங்கள். வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் சுற்றுக்குள் எதையும் மறைக்காமல், மறைய வேண்டிய செல்களை யூனியன் மூலம் ஒரே ரேஞ்சாகச் சேர்த்துக்கொண்டே வந்து, முதலில் எல்லா வரிசைகளையும் வெளிக்காட்டி, கடைசியில் சேர்த்து வைத்ததை ஒரே வரியில் மறையுங்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.


சதுரக்கட்டம்:

நிகழ்வைப் பற்றி நிரலன் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. துணைத் தலைப்புகள் மறைவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மேக்ரோ எழுதுவோர் பலர் கவனிக்காமல் விடும் இடம் அது.

மளிகை என்ற தலைப்பு உள்ள வரிசையில் டி செல் காலியாக இருக்கும் அல்லவா? மேக்ரோக்கள் எழுதப்படும் விபிஏ மொழியில் காலியான செல்லைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்றே விடை வரும். அது எண்ணா என்று ஐஸ்நியூமெரிக் மூலம் சோதித்தும் தப்ப முடியாது. காலியான செல்லுக்கு அதுவும் ட்ரூ என்றே சொல்லும். ஐஸ்எம்ப்டி கொண்டு காலியா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இன்னொரு பொறி பிழை மதிப்புகள். விலைப் பட்டியலில் ஒரு பெயர் கிடைக்காமல் செல்லில் என்ஏ பிழை வந்திருந்தால், அதைப் பூஜ்ஜியத்தோடு ஒப்பிட்ட கணமே மேக்ரோ 13ஆம் எண் பிழையோடு நின்றுவிடும். ஐஸ்எரர் சோதனையையும் ஒப்பீட்டையும் ஒரே வரியில் ஆண்ட் போட்டு இணைத்தால் பயன் இல்லை. முதல் பாதி பொய்யானாலும் விபிஏ இரண்டாம் பாதியைக் கணக்கிட்டே தீரும். ஒரு இஃப்-இன் உள்ளே இன்னொரு இஃப் எழுத வேண்டும்.

அடுத்தது, பூஜ்ஜியம் போலத் தெரியும் ஆனால் பூஜ்ஜியம் அல்லாத எண்கள். 0.1, 0.2 ஆகியவற்றைக் கூட்டி 0.3-ஐக் கழித்தால் கணினியின் இரும எண் முறையில் மிகச் சிறிய மிச்சம் ஒன்று தங்கக்கூடும். உங்கள் செல்லில் இரண்டு தசம இடங்கள் மட்டும் காட்டும்படி அமைத்திருந்தால் கண்ணுக்கு 0.00 என்று தெரியும், மேக்ரோ மறைக்காது. அதேபோல ஐம்பது இலை விசேஷத்துக்குப் பெருங்காயம் 0.004 கிலோ என்று வந்தால் அதுவும் 0.00 என்றுதான் தெரியும். ஆனால் அது தேவையான பொருள், மறைக்கக் கூடாது. எது பூஜ்ஜியம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், எக்ஸெலிடம் விடக்கூடாது. பெருங்காயம், ஏலக்காய், குங்குமப்பூ போன்றவற்றின் அலகை கிராம் ஆக்கிவிடுவது நல்லது.

என் யோசனை என்னவென்றால், இத்தனை நிபந்தனைகளையும் மேக்ரோவுக்குள் எழுதாதீர்கள். எச் நெடுவரிசையில் துணைச் செல்கள் அமைத்து, மறைப்பதா காட்டுவதா என்ற முடிவைத் தாளிலேயே ஃபார்முலாவாக எழுதிவிடுங்கள். பொருள் வரிசைகளில், டி-யை மூன்று தசமத்துக்கு ரவுண்ட் செய்து, பூஜ்ஜியமானால் 0, இல்லையென்றால் 1. அந்த ஃபார்முலாவை இஃப்எரர் கொண்டு சுற்றி, பிழை வந்தால் 1 என்று கொடுங்கள். பிழை உள்ள வரிசை மறையாமல் கண்ணில் படுவதே நல்லது. மறைந்துவிட்டால் அந்தப் பொருள் கடைக்குப் போகும் பட்டியலில் இராது, அடுப்பு மூட்டிய பிறகுதான் தெரிய வரும்.

துணைத் தலைப்பு வரிசைகளில் வேறொரு ஃபார்முலா. அந்தப் பிரிவின் எச் செல்களில் 1 எத்தனை இருக்கின்றன என்று கவுன்ட்இஃப் கொண்டு எண்ணி, ஒன்றாவது இருந்தால் 1, இல்லையென்றால் 0. இப்படி அமைத்தால் பிரிவில் ஒரு பொருளாவது தேவைப்படும் வரை தலைப்பு நிற்கும் என்பதோடு, பால் பொருள்கள் எல்லாவற்றையும் வீட்டாரே நீக்கிவிட்ட விசேஷத்தில் அந்தத் தலைப்பும் தானாக மறைந்துவிடும். ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் ஒரு காலி வரிசையை விட்டு, அதையும் சேர்த்துக் கவுன்ட்இஃப் எல்லைக்குள் கொண்டு வாருங்கள். புதுப் பொருளை அந்தக் காலி வரிசைக்கு மேலே செருகினால் எல்லை தானாக விரியும். இல்லையேல் கடைசியில் சேர்க்கும் பொருள் எல்லைக்கு வெளியே போய்விடும்.

மேக்ரோ இப்போது எச் நெடுவரிசையில் 0 இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். காலி வரிசைகளுக்கும் எச்-இல் 0 போட்டு வையுங்கள். நாளைக்கு நிபந்தனை மாறினால் நிரலைத் தொடாமல் ஃபார்முலாவை மாற்றிக்கொள்ளலாம்.


வைகைக்கரை:

இருவரும் சொன்னது சரி. ஆனால் எச் நெடுவரிசை வந்துவிட்ட பிறகு இதற்கு மேக்ரோவே எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 4ஆம் வரிசையில் நெடுவரிசைத் தலைப்புகள் இருக்கின்றன அல்லவா? ஏ4 முதல் எச்420 வரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் காட்டும் ஆட்டோஃபில்டர் போடுங்கள். வெறுமனே ஒரு செல்லில் நின்று போட்டால், இடையில் முற்றிலும் காலியான வரிசை வரும் இடத்தோடு எக்ஸெல் எல்லையை நிறுத்திக்கொள்ளும், ஆகவே முழுவதையும் தேர்ந்தெடுப்பது அவசியம். பிறகு எச்-இல் 1 மட்டும் காட்டச் சொல்லுங்கள். மெனு மாறியதும் ஃபில்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பது உண்மைதான், ஆனால் கன்ட்ரோல், ஆல்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதே நிபந்தனை மறுபடி செலுத்தப்படும். ஒரு விசேஷத்துக்கு எத்தனை முறை அழுத்தப் போகிறீர்கள்?

ஃபில்டரால் மறைந்த வரிசைக்கும், ஹிடன் பண்பால் மறைந்த வரிசைக்கும் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு உண்டு. ஃபில்டர் செய்த பட்டியலைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் தெரியும் வரிசைகள் மட்டுமே நகலாகும். ஹிடன் பண்பால் மறைத்ததை நகலெடுத்து வேறு தாளில் ஒட்டினால் மறைந்தவையும் கூடவே வந்து நிற்கும். அதைத் தவிர்க்க, முதலில் ஆல்ட்டும் அரைப்புள்ளியும் அழுத்தித் தெரியும் செல்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலும், கோப்பைச் சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவிலேயே வைத்துக்கொள்ளலாம். மேக்ரோ இருந்தால் எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமிக்க வேண்டும், பழக்கதோஷத்தில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்து எச்சரிக்கைக்கும் சரி என்று சொல்லிவிட்டால் நிரல் முழுவதும் போய்விடும். கைப்பேசியில் உள்ள எக்ஸெல் செயலியில் விபிஏ மேக்ரோக்கள் இயங்குவதே இல்லை. மண்டபத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் பட்டியலைப் பார்ப்பவருக்கு ஃபில்டர்தான் பயன்படும்.

எக்ஸெல் 2021 அல்லது மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் ஃபில்டர் என்ற பெயரிலேயே ஒரு ஃபார்முலா இருக்கிறது. தேவையான வரிசைகளை மட்டும் வேறொரு தாளில் தானாகவே அடுக்கித் தரும், எதையும் மறைக்க வேண்டியதே இல்லை. உங்கள் 2016 பதிப்பில் அது கிடையாது.


நிரலன்:

வைகைக்கரை சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. கன்ட்ரோல், ஆல்ட், எல் அழுத்த வேண்டும் என்பது கோப்பை அமைத்தவருக்கு நினைவிருக்கும். அவர் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் மெனுவை மாற்றி அச்சிட்டால் பழைய பட்டியலே போகும். விடுபட்ட பொருள் எது என்று அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஏனெனில் மறைந்திருப்பது தெரியாது. ஆகவே இரண்டையும் சேர்த்துவிடலாம். மறைப்பதை ஃபில்டர் செய்யட்டும். "சாமான்" தாளின் ஆக்டிவேட் நிகழ்விலும் பிஃபோர்பிரின்ட் நிகழ்விலும், அந்தத் தாளின் ஆட்டோஃபில்டருக்கு அப்ளைஃபில்டர் என்ற கட்டளையை மட்டும் கொடுங்கள். ஒரே வரி. சுற்று வேண்டாம், யூனியன் வேண்டாம், நான் முன்பு எழுதியவற்றில் பாதி வேண்டாம். மேக்ரோ இயங்காத கணினியிலும் ஃபில்டர் இருக்கும், கையால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஃபில்டரை யாராவது அகற்றிவிட்டால் அந்த ஒரு வரி பிழை தரும் என்பதால், ஃபில்டர் இருக்கிறதா என்று தாளின் ஆட்டோஃபில்டர்மோட் பண்பைப் பார்த்துவிட்டுக் கட்டளையைக் கொடுங்கள்.


இலைக்கணக்கு:

மூவருக்கும் மிக்க நன்றி. எச் நெடுவரிசையும் ஃபில்டரும் ஒரு வரி மேக்ரோவும் அமைத்துவிட்டேன். துணைத் தலைப்புகள் சொன்னபடியே வருகின்றன, துடிப்பும் இல்லை. இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன.

மளிகைக் கடைக்குப் போகும் பட்டியலில், சி நெடுவரிசையில் "வீட்டார்" என்று இருக்கும் பொருள்களும் மறைய வேண்டும், தொகையிலும் அவை சேரக்கூடாது. இப்போது எஃப் நெடுவரிசையின் கூட்டல் மறைந்தவற்றையும் சேர்த்தே காட்டுகிறது. இந்தச் சொல்லை மேக்ரோவில் எழுதிப் பார்க்கலாம் என்று விபிஏ எடிட்டரில் ஒட்டினால், அது கேள்விக்குறிகளாக மாறிவிடுகிறது. இது முதல் ஐயம்.

ஃபார்முலாக்களை யாரும் அழித்துவிடக் கூடாது என்று "சாமான்" தாளுக்குக் கடவுச்சொல் பாதுகாப்பு போட்டால், மேக்ரோ பிழை தருகிறது. இது இரண்டாவது.

மூன்றாவது, கோப்பை என் தம்பிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவன் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை வந்து மேக்ரோக்கள் தடுக்கப்பட்டுவிட்டன என்கிறது. அனுமதிக்கும் பொத்தானும் அதில் இல்லை.


சதுரக்கட்டம்:

கேள்விக்குறியில் தொடங்குகிறேன். எக்ஸெலின் செல்கள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறிமுறையை முழுமையாகக் கையாளும். விபிஏ எடிட்டரோ விண்டோஸின் பழைய ஒரு பைட் குறிமுறைப் பக்கங்களை நம்பி இயங்குவது. தமிழுக்கு அப்படியொரு பக்கத்தை விண்டோஸ் வைத்திருக்கவே இல்லை, தமிழ் அதில் தொடக்கம் முதலே யூனிகோடில் மட்டும்தான். ஆகவே எடிட்டரில் ஒட்டும் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே தங்கும், எழுத்துருவை மாற்றினாலும் பயன் இல்லை. சிஎச்ஆர்டபிள்யூ என்ற செயற்கூறுக்கு ஒவ்வோர் எழுத்தின் குறியெண்ணையும் கொடுத்துச் சொல்லைக் கோக்கலாம். "வீட்டார்" என்பதற்கு 2997, 3008 என்று தொடங்கி எட்டு எண்கள் எழுத வேண்டும். இது தேவையற்ற உழைப்பு. தமிழ்ச் சொல்லை ஒரு செல்லில் எழுதி, அந்தச் செல்லுக்கு ஒரு பெயர் சூட்டி, மேக்ரோவிலிருந்து அந்தப் பெயரைச் சுட்டினால் போதும்.

உங்களுக்கு அதுவும் தேவையில்லை. எச் நெடுவரிசை ஃபார்முலா தாளில் இருக்கிறது, அங்கே தமிழுக்குத் தடை இல்லை. "கடைக்கு" அல்லது "முழுவதும்" என்று தேர்ந்தெடுக்க எச்2 செல்லில் ஒரு கீழிறங்கு பட்டியல் வையுங்கள். எச்2 "கடைக்கு" என்றும் சி "வீட்டார்" என்றும் இருந்தால் 0, மற்றபடி முன்பு சொன்ன கணக்கு. ஆனால் எச்2-ஐ மாற்றும்போது நீங்கள் ஏற்கெனவே அந்தத் தாளிலேயே இருப்பதால் ஆக்டிவேட் எழாது. நீங்களே தட்டி மாற்றும் செல் அது என்பதால், அதே தாளின் சேஞ்ச் நிகழ்வில், மாறிய செல் எச்2 என்றால் அப்ளைஃபில்டர் கொடுங்கள். நீங்கள் முதலில் எழுதிய நிகழ்வு இப்போது சரியான வேலைக்கு வந்துவிடும்.

சி நெடுவரிசைக்கும் கீழிறங்கு பட்டியல் வைப்பது கட்டாயம் என்றே சொல்வேன். கையால் தட்டினால் சொல்லின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் ஒப்பீடு தோற்கும். தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு: கொ போன்ற எழுத்தின் உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும் சில இரண்டு துண்டுகளாகவும் சேமிக்கின்றன. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், விபிஏயின் இயல்பான ஒப்பீட்டில் இரண்டும் வேறு வேறு.

கூட்டலைப் பொறுத்தவரை, சப்டோட்டல் என்ற செயற்கூறு மறைந்தவற்றைத் தவிர்க்கும். அதற்கு 9 என்று கொடுத்தால் ஃபில்டரால் மறைந்தவற்றை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டும், ஹிடன் பண்பால் மறைந்தவற்றைச் சேர்த்துக்கொள்ளும். 109 என்று கொடுத்தால் இரண்டு வகையாக மறைந்தவற்றையும் விட்டுவிடும். நீங்கள் ஃபில்டரைப் பயன்படுத்துவதால் 9 போதும், யாராவது கையால் ஒரு வரிசையை மறைத்துவிட்டால் கணக்குப் பிசகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதனாலேயே எனக்குச் சப்டோட்டல் மீது இந்த இடத்தில் நம்பிக்கை குறைவு. பணக் கணக்கு, திரையில் எது தெரிகிறது என்பதைச் சார்ந்து இருக்கக் கூடாது. சி நெடுவரிசையில் "நாங்கள்" என்று இருக்கும் வரிசைகளின் எஃப் தொகையை சம்இஃப் கொண்டு கூட்டுங்கள். வரிசை மறைந்தாலும் வெளிப்பட்டாலும் விடை மாறாது. கூட்டல் செல்லை 420ஆம் வரிசைக்குக் கீழே வைக்காமல் மேலே 2ஆம் வரிசையில் வைத்தால் ஃபில்டர் எல்லைக்குள் சிக்காமலும் இருக்கும்.


நிரலன்:

பாதுகாப்பு போட்ட தாளில் மேக்ரோவும் ஒரு சாதாரணப் பயனரைப் போலவே தடுக்கப்படும். வரிசைகளை ஹிடன் பண்பால் மறைப்பவர்கள், புரொடெக்ட் கட்டளையில் யூசர்இன்டர்ஃபேஸ்ஒன்லி என்பதற்கு ட்ரூ கொடுத்தால், கைகளுக்குத் தடை, மேக்ரோவுக்கு அனுமதி என்று ஆகிவிடும். இந்த அமைப்பு கோப்போடு சேமிக்கப்படுவதில்லை என்பதால், ஒர்க்புக்கின் ஓபன் நிகழ்வில் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலுத்த வேண்டும். உங்களுக்கு ஃபில்டர்தான் என்பதால் நேரான வழியையே சொல்கிறேன்: மேக்ரோவின் தொடக்கத்தில் பாதுகாப்பை நீக்கி, அப்ளைஃபில்டர் கொடுத்து, முடிவில் மறுபடி பாதுகாப்பு இடுங்கள். இடையில் பிழை வந்தால் தாள் பாதுகாப்பின்றி நின்றுவிடாமல், பிழை வரும்போதும் முடிவுப் பகுதிக்கே தாவும்படி ஆன் எரர் அமைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கும், விபிஏ திட்டத்துக்குப் பூட்டுப் போட்டாலும் அது வலுவான பூட்டு அல்ல. ஃபார்முலா தவறுதலாக அழிவதைத் தடுக்க இது போதும். ரகசியம் காக்கப் போதாது.

சிவப்புப் பட்டைக்கு வருகிறேன். இணையம் அல்லது மின்னஞ்சல் வழியாக வந்த கோப்பில் விண்டோஸ் ஒரு முத்திரையை இடுகிறது. அந்த முத்திரை உள்ள கோப்பின் விபிஏ மேக்ரோக்களைத் தடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2022ஆம் ஆண்டில் இயல்புநிலை ஆக்கியது. முன்பு போல ஒரு பொத்தானை அழுத்தி அனுமதிக்க முடியாமல் போனது அதனால்தான். உங்கள் தம்பி எக்ஸெலை மூடிவிட்டு, கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, பிராப்பர்டீஸ் சாளரத்தின் ஜெனரல் பகுதியில் கீழே உள்ள அன்பிளாக் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்துச் சரி என்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியது என்று உறுதியாகத் தெரிந்த கோப்புக்கு மட்டும் இதைச் செய்யட்டும். பொதுவான மேக்ரோ பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தி வைக்கச் சொல்லாதீர்கள், அது எல்லாக் கோப்புகளுக்கும் கதவைத் திறந்துவிடும். அடிக்கடி கோப்பு போய்வருமானால், அவர் கணினியில் ஒரு கோப்புறையை நம்பகமான இடமாக எக்ஸெலின் டிரஸ்ட் சென்டரில் பதிந்துவிட்டு, கோப்பை அங்கே வைத்துத் திறக்கலாம்.


வைகைக்கரை:

தம்பிக்கு அனுப்புவது வேறு. கடைக்கும் வீட்டாருக்கும் எக்ஸெல் கோப்பை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். ஃபில்டரால் மறைந்தாலும் மேக்ரோவால் மறைந்தாலும் அந்த வரிசைகள் கோப்பினுள்ளேதான் இருக்கின்றன. ஃபில்டரை எடுத்துவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். தாள் பாதுகாப்பும் இதற்கு அரண் அல்ல என்று மேலே சொல்லப்பட்டுவிட்டது. இ நெடுவரிசையில் உங்கள் கொள்முதல் விலை இருக்கிறது. அச்சுத் தாளாகவோ பிடிஎஃப் ஆகவோ கொடுங்கள். பிடிஎஃப் கோப்பில் திரையில் தெரிந்தவை மட்டுமே இருக்கும். கடைக்குப் போகும் பட்டியலில் விலை தேவையில்லை என்றால் அச்சிடும் பகுதியை ஏ முதல் டி வரை மட்டும் என்று அமைத்துவிடுங்கள். எச் நெடுவரிசையின் 0, 1 எண்களும் அச்சில் வராது.